ரத்தப் பரிசோதனைக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை என்றதும் எல்லோருக்கும் ஊசிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த ஊசி கைக்குள் இருப்பது ஒரு நிமிடம், கூடிப்போனால் இரண்டு நிமிடம். ஆனால் ரிப்போர்ட்டில் வரப்போகும் எண் நம்பத்தக்கதாக இருக்குமா என்பது பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. லேப் தவறுகளில் பெரும்பங்கு இயந்திரத்தில் நேர்வதில்லை. சாம்பிள் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் நேர்ந்துவிடுகின்றன. சாப்பிட்டதை மறைத்தது, மாத்திரையைச் சொல்லாமல் விட்டது, டியூபில் பெயர் மாறியது, ரத்தம் போதாமல் போனது என்று இப்படி. ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கும் என்னிடம், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பலரும் கேட்கிற கேள்விகள் இவை. முந்தின நாளே தெரிந்துகொண்டு வந்தால் உங்களுக்கும் நல்லது, முடிவுக்கும் நல்லது.

வெறும் வயிற்றில்தான் வர வேண்டுமா?

எல்லாப் பரிசோதனைக்கும் வேண்டியதில்லை. இதை விளக்காமல் வயதானவர்களைக்கூடப் பட்டினியாக வரவைத்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தைராய்டு, ரத்த வகை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி ஆகியவற்றுக்குச் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

சாப்பாட்டால் வெகுவாக மாறுபவை முக்கியமாக இரண்டு. ஒன்று சர்க்கரை, இன்னொன்று டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு. வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கக் குறைந்தது 8 மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. கொழுப்புப் பரிசோதனைக்கு 9 முதல் 12 மணி நேரம் என்பது பழைய வழக்கம். இப்போது பல மருத்துவ வழிகாட்டுதல்கள், முதல் கட்டமாகக் கொழுப்பைச் சாப்பிட்ட பிறகும் பார்க்கலாம் என்கின்றன. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். உங்கள் மருத்துவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைச் சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

பட்டினி நீள நீள முடிவு துல்லியமாகும் என்று நினைத்து முந்தின நாள் மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். வெகுநேரம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி ஏறும். கில்பர்ட் என்ற தீங்கில்லாத பிறவித் தன்மை உள்ளவர்களுக்கு இது நன்றாகவே ஏறும். கல்லீரலில் ஒரு கோளாறும் இல்லாமலே காமாலையோ என்று பயந்துபோவீர்கள். இரவுச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுவிட்டுக் காலையில் வருவதுதான் சரியான கணக்கு.

தண்ணீர் குடிக்கலாமா? சர்க்கரை போடாத காபி?

தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். உடம்பில் நீர் இருந்தால் ரத்தக்குழாய் நிரம்பித் தடவினால் தெரிகிற மாதிரி இருக்கும். தாகத்தோடு வருபவர்களுக்குத்தான் இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டி வருகிறது. கிளம்புவதற்கு முன் ஒரு டம்ளர், வந்த பிறகு இன்னொரு டம்ளர் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள் இருக்கட்டும்.

காபி, டீ வேண்டாம். சர்க்கரை சேர்க்காவிட்டாலும் அதிலுள்ள காஃபின் சர்க்கரை அளவையும் சில ஹார்மோன்களையும் அசைக்கும். சூயிங் கம், மிட்டாய், இருமல் மருந்து இவையும் வெறும் வயிற்றுக் கணக்கைக் கெடுப்பவைதான்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். சொல்லாமல் விட்டால் என்ன?

தயவுசெய்து சொல்லிவிடுங்கள். யாரும் திட்டப்போவதில்லை. சாப்பிட்ட பிறகு எடுத்த சர்க்கரையை வெறும் வயிற்றுச் சர்க்கரையாக எண்ணி, இல்லாத நீரிழிவுக்கு மாத்திரை தொடங்கும் நிலை வரலாம். சொல்லிவிட்டால், சாப்பாட்டால் மாறாத பரிசோதனைகளுக்கு அன்றைக்கே ரத்தம் எடுத்துவிட்டு மற்றதற்கு வேறொரு நாள் வரச் சொல்வார்கள். ஒரு காலைப் பொழுது போகும், அவ்வளவுதான்.

சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தைச் சாப்பிடத் தொடங்கிய நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் எண்ணத் தொடங்கினால் முடிவு குறைவாக வரும்.

தினமும் போடும் மாத்திரைகளைக் காலையில் போடலாமா?

பெரும்பாலான மாத்திரைகளை, ரத்த அழுத்த மாத்திரை உட்பட, தண்ணீரோடு வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் கவனமாக இருக்க வேண்டிய சில உண்டு.

முதலில் சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும். சாப்பிடாமல் இவற்றைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், அன்று காலை மருந்தை என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வையுங்கள். அப்புறம், மருந்தையும் ஏதாவது சாப்பிடுவதற்கான பொருளையும் கையோடு கொண்டு வாருங்கள். காத்திருக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, தலை கிறுகிறுத்தால் வரிசைக்காகப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே சொல்லுங்கள், உடனே இனிப்பாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையை இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வது வழக்கம். போட்ட சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் அந்த ஹார்மோன் கூடுதலாகத் தெரியும் என்பதே காரணம். ரத்தத்தில் ஒரு மருந்தின் அளவையே பார்ப்பதாக இருந்தால் நேரம் இன்னும் முக்கியம். மனநலச் சிகிச்சைக்குத் தரும் லித்தியத்தைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். மாத்திரை போட்ட கையோடு வந்தால் அளவு தப்பாகக் கூடித் தெரியும்.

பலரும் மருந்து என்றே நினைக்காமல் சொல்லாமல் விடுவது பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் வைட்டமின் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் லேபில் பயன்படும் சில வேதிமுறைகளை இது குழப்பிவிடும். தைராய்டு நன்றாக இருப்பவருக்கு, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச் குறைந்து, தைராய்டு மிகையாகச் சுரப்பதுபோல ரிப்போர்ட் வரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் டிரோபோனினைக் குறைத்துக் காட்டிவிடவும் முடியும். இதைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரிக்கை வெளியிட்டது. இந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேளுங்கள்.

முந்தின நாள் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

கடுமையான உடற்பயிற்சியை ஒரு நாள் தள்ளிவையுங்கள். தசைகள் மிகவும் உழைத்த பிறகு ரத்தத்தில் தசை நொதிகள் பல மடங்கு ஏறும். கல்லீரல் நொதி என்று நாம் பார்க்கும் ஏ.எஸ்.டி. தசையிலும் இருப்பதால் அதுவும் ஏறிக் கல்லீரல் கெட்டதுபோலத் தெரியும். சாதாரண நடையால் ஒன்றும் ஆகாது.

மது வேண்டாம். டிரைகிளிசரைடை அது ஏற்றிவிடும். புகைப் பழக்கம் உள்ளவர்கள் அன்று காலை மட்டுமாவது தவிர்ப்பது நல்லது. இவை தவிர, நல்ல தூக்கம். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வந்தால் மயக்கம் வரும் வாய்ப்பு கூடும்.

காலையிலேயே வர வேண்டிய கட்டாயம் உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. கார்டிசால் ஹார்மோன் காலை 8 மணியை ஒட்டி உச்சத்தில் இருந்து, நாள் போகப் போக இறங்கும். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனும் காலையில்தான் அதிகம். இரும்புச் சத்தும் ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும். மாலையில் எடுத்த முடிவைக் காலை அளவோடு ஒப்பிட்டால் இல்லாத குறை தெரியும். மற்றவற்றுக்குக் காலை நேரம் பட்டினிக்கு வசதி என்பதுதான் காரணம்.

மாதவிடாய் நாட்களில் ரத்தம் கொடுக்கலாமா? கர்ப்ப காலத்தில்?

கொடுக்கலாம், தடை எதுவும் இல்லை. ஆனால் கருப்பை, சினைப்பை சார்ந்த ஹார்மோன்களுக்கு நாள் கணக்கு உண்டு. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச், எல்.எச் இரண்டையும் மாதவிடாய் தொடங்கிய 2 முதல் 5ஆம் நாளுக்குள் பார்ப்பது வழக்கம். கருமுட்டை வெளிவந்ததா என்று அறியப் பார்க்கும் புரொஜெஸ்டிரோனை அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 7 நாள் முன்பு எடுப்பார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 21ஆம் நாள். உங்கள் சுழற்சி நீண்டது என்றால் 21 என்ற எண்ணையே பிடித்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைச் சீட்டில் எழுதிவிடுவது நல்லது.

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் குளுக்கோஸ் பரிசோதனை கொஞ்சம் பொறுமை வேண்டுவது. பரவலாக உள்ள முறையில், வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்துவிட்டு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கத் தருவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அப்புறம் ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். இடையில் நடந்து திரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இனிப்பு பலருக்கும் குமட்டும். வாந்தி வந்துவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அன்றைய பரிசோதனை அத்தோடு செல்லாது. துணைக்கு ஒருவரை அழைத்து வந்தால் நேரம் போவது தெரியாது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன நடக்கும்?

முதலில் உங்கள் பெயரைக் கேட்பார்கள். "நீங்கள்தானே இவர்?" என்று கேட்டு உங்களைத் தலையாட்ட வைப்பது சரியான முறையல்ல. உங்கள் வாயால் முழுப்பெயரையும் பிறந்த தேதியையோ வயதையோ சொல்லவைக்க வேண்டும். இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். ஒரே பெயரில் இரண்டு பேர் காத்திருப்பது நடக்காத காரியம் அல்ல. ரத்த வகையில் ஆள் மாறினால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டுவார்கள். முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்து ஒரு ரத்தக்குழாயைத் தேர்ந்தெடுப்பார்கள். மடிப்பின் நடுவில் ஓடும் சிரைதான் பெரும்பாலும் முதல் தேர்வு. தோலுக்கு அருகில் இருக்கும், அசையாமல் நிற்கும். ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, அது காயும்வரை சுமார் அரை நிமிடம் விடுவார்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும், அந்த ஆல்கஹால் சிவப்பணுக்களையும் உடைக்கும். பிறகு ஊசி, டியூப்கள், பட்டையை அவிழ்ப்பது, பஞ்சை வைத்து ஊசியை எடுப்பது. அவ்வளவுதான்.

பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கமாக இருக்கக் கூடாது. இருந்தால் நீர் வெளியே கசிந்து ரத்தம் அந்த இடத்தில் அடர்த்தியாகிவிடும், புரதமும் கால்சியமும் கூடுதலாகத் தெரியும். கையை மூடித் திறந்து மூடித் திறந்து "பம்ப்" செய்வதும் வேண்டாம். தசை சுருங்கிச் சுருங்கிப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். முஷ்டியை ஒரு தடவை மூடி வைத்திருந்தால் போதும்.

டியூப்களில் உங்கள் பெயரை உங்கள் கண் முன்னாலேயே ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

எந்தக் கையில் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். மார்பக அறுவை சிகிச்சையில் அக்குளிலுள்ள நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கையைத் தவிர்ப்பது வழக்கம். டயாலிசிஸுக்கென ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையில் எடுக்கவே கூடாது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் எடுத்தால் சொட்டு மருந்தும் சேர்ந்து வந்து எண்கள் தாறுமாறாகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கையுறை ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்கள், முன்பு ஒருமுறை மயங்கியவர்கள், எல்லோருமே உட்கார்ந்தவுடன் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

ரொம்ப வலிக்குமா?

ஒரு சுருக். ஊசியின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலைத் துளைக்கும் அந்த நொடியில்தான் வலி, ரத்தம் போகும்போது வலிக்காது. கையைத் தளர்வாக வைத்தால் வலி குறையும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் மறுபக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், குத்தும்போது மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

ஒன்று மட்டும் வேறு மாதிரியான வலி. மின்சாரம் பாய்ந்ததுபோல விரல்வரை சுரீரென்று இழுத்தால், அல்லது விரல்கள் மரத்துப்போனால், பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள். உணர்வு நரம்பைத் தொட்டிருக்கலாம். உடனே சொன்னால் ஊசியை எடுத்துவிட்டு வேறு இடத்தில் எடுப்பார்கள்.

இத்தனை டியூப் எடுக்கிறார்களே, ரத்தம் குறைந்துவிடாதா?

பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ஒரு டியூபில் போவது பெரும்பாலும் 2 முதல் 6 மில்லிலிட்டர். நான்கு ஐந்து டியூப் எடுத்தாலும் 20 மில்லிலிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ரத்த தானத்தில் ஒரே தடவை 350 முதல் 450 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டு மக்கள் அன்றைக்கே தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். ஆகவே ஆரோக்கியமானவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. குறைமாதக் குழந்தைகள், மருத்துவமனையில் தினமும் பலமுறை ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் விஷயத்தில் மட்டும் அளவைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

மூடிகள் ஏன் வெவ்வேறு நிறத்தில் இருக்கின்றன?

ஒவ்வொரு டியூபின் உள்ளேயும் இருக்கும் பொருள் வேறு. ஊதா மூடியில் இ.டி.டி.ஏ. இருக்கும். ரத்தம் உறையாமல் காப்பதால் அணுக்களை எண்ணவும் எச்.பி.ஏ.1சி பார்க்கவும் அது ஏற்றது. சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் ரத்தத்தை உறையவிட்டு மேலே நிற்கும் தெளிந்த நீரான சீரத்தை எடுப்பார்கள். சிறுநீரகம், கல்லீரல், கொழுப்பு, தைராய்டு எல்லாம் பெரும்பாலும் அதில்தான். வெளிர்நீல மூடி ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க. அதில் குறித்த கோடுவரை ரத்தம் நிரம்பியே ஆக வேண்டும், குறைந்தால் கலவை விகிதம் கெட்டுவிடும்.

சாம்பல் மூடி சர்க்கரைக்கு. டியூபுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டும் இருக்கின்றன. பிரிக்காமல் அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறைந்துவிடும். அந்தச் செலவைத் தடுக்கத்தான் சாம்பல் டியூபில் ஃபுளோரைடு இருக்கிறது. சாதாரண டியூபில் எடுத்துப் பல மணி நேரம் பையில் அலைந்த சாம்பிளின் சர்க்கரை எண்ணை நான் நம்ப மாட்டேன்.

டியூப்களை நிரப்பும் வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. இ.டி.டி.ஏ.வில் பொட்டாசியம் இருக்கிறது. ஊதா டியூபை முதலில் நிரப்பி அதன் துளி அடுத்த டியூபுக்குள் போய்விட்டால் பொட்டாசியம் பயமுறுத்தும் அளவுக்கு ஏறியும் கால்சியம் விழுந்தும் காட்டும். அதனால்தான் ஊதாவும் சாம்பலும் கடைசியில் வருகின்றன.

என் ரத்தம் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்கிறது?

சிரையிலிருந்து எடுப்பதால். ஆக்ஸிஜனை உடம்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் எல்லோருக்கும் அடர்சிவப்பாகத்தான் இருக்கும். அது "கெட்ட ரத்தம்" அல்ல.

எனக்கு ரத்தக்குழாய் கிடைப்பதே கஷ்டம். என்ன செய்வது?

தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். குளிராக இருந்தால் கையை மூடி வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உட்காருவதற்கு முன் கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டால் சிரைகள் நிரம்பும். போன தடவை எங்கே எடுத்தார்கள் என்பது நினைவிருந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள். உங்கள் கையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு புதிதாகப் பார்க்கும் எங்களுக்குத் தெரியாது. இறக்கை வைத்த சின்ன ஊசியைக் கேட்கலாம், புறங்கையில் எடுக்கவும் முடியும்.

இரண்டு தடவை குத்தியும் வரவில்லை என்றால் வேறொருவரை அழைக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் இதுவே விதி. ஊசியை உள்ளே வைத்தபடி இங்கும் அங்கும் தேடுவதைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பாம்பையோ உயரத்தையோ கண்டு பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தையும் ஊசியையும் கண்டு வரும் பயம் சிலருக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு இதயத் துடிப்பு குறைந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, அழுத்தம் சரிகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைய, கண் இருட்டுகிறது. நல்ல உடற்கட்டு உள்ள இளைஞர்களும் சாய்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, படுத்துக்கொண்டு எடுக்கிறேன் என்று கேட்பது. படுத்திருப்பவர் விழ மாட்டார். இரண்டாவதாக, பழகிக்கொள்ளக்கூடிய ஒரு முறை இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் உருவாக்கிப் பரவியது இது. தொடை, வயிறு, ரத்தம் எடுக்காத கை ஆகியவற்றின் தசைகளை முகம் சூடாகும்வரை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள். பிறகு அரை நிமிடம் போல விடுங்கள். இப்படி ஐந்து தடவை. இறுக்கும்போது ரத்த அழுத்தம் ஏறுவதால் மயக்கம் தள்ளிப்போகும். வீட்டில் சில நாள் பழகிவிட்டு வந்தால் நாற்காலியில் எளிதாக வரும். ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குவது மட்டும் வேண்டாம், அது தலைசுற்றலைக் கூட்டும்.

காது அடைப்பது, வியர்ப்பது, குமட்டுவது எல்லாம் முன்னறிகுறிகள். "பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்" என்று எழுந்து நடக்காதீர்கள். எழுந்து போகும் வழியில் விழுந்து தலையில் அடிபடுவதுதான் உண்மையான ஆபத்து.

குழந்தையை எப்படித் தயார் செய்வது?

பொய் சொல்லாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி அழைத்து வந்த குழந்தை அடுத்த தடவை வாசலிலேயே அலறும். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கூடவே இருப்பேன்" என்பது போதும். ஊசியைக் காட்டி மிரட்டி வளர்ப்பது இந்த நாற்காலியில்தான் வந்து விடியும்.

மடியில் உட்காரவைத்து அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே எடுத்தால் அழுகை வெகுவாகக் குறைகிறது. தோலை மரக்கச் செய்யும் களிம்பு உண்டு, ஆனால் சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். வந்த பிறகு கேட்டால் பலன் இல்லை. பிறந்த குழந்தைக்குக் குதிகாலின் ஓரத்தில் குத்திச் சில துளிகள் எடுப்பார்கள்.

ஊசியால் நோய் தொற்றாதா?

ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி, அதுவும் முத்திரை உடைக்காத உறையிலிருந்து, உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். கையுறை மாற்ற வேண்டும். பயன்படுத்திய ஊசியை மூடிபோட்டு மேசையில் வைக்காமல் அதற்கான பெட்டியில் நேராகப் போட வேண்டும். இப்படி நடந்தால் தொற்றுக்கு வழியில்லை. உறை பிரிப்பதைப் பார்க்கவில்லை என்றால் "புது ஊசிதானே, காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முடிந்த பிறகு கை நீலமாகிவிட்டதே?

பெரும்பாலும் அழுத்திப் பிடிக்காததால் வருவது. முழங்கையை மடக்கிப் பஞ்சை இடுக்கிக்கொண்டு நடப்பது பலரின் பழக்கம். அதைவிடக் கையை நீட்டிவைத்து, மற்றக் கையின் விரலால் மூன்று முதல் ஐந்து நிமிடம் அழுத்துவதே நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் பத்து நிமிடம் அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். அந்தக் கையால் சில மணி நேரம் கனமான பையைத் தூக்காமல் இருங்கள்.

ரத்தக்கட்டு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி இரண்டு வாரத்துக்குள் மறையும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், கை மரத்தோ பலவீனமாகவோ தொடர்ந்தால், குத்திய இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொல்கிறார்கள். பெரிய நோயா?

இந்த அழைப்பு வந்தால் பலர் இரவெல்லாம் தூங்குவதில்லை. பெரும்பாலும் காரணம் சாம்பிளில்தான். எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்திருக்கலாம். அப்போது அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்து அளவைக் கெடுக்கும். ஊதா டியூபில் ரத்தம் உறைந்திருக்கலாம், அளவு போதாமல் இருக்கலாம். சிலருக்கு இ.டி.டி.ஏ.வில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இயந்திரம் அதைக் குறைவாக எண்ணிவிடும். வெளிர்நீல டியூபில் எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக வரும். ஏன் வரச் சொல்கிறீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள்.

ரிப்போர்ட் எப்போது வரும்?

அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் சில மணி நேரத்தில் வரலாம். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பதற்கு ஐந்து நாள்வரை காத்திருக்க வேண்டும். மரபணுப் பரிசோதனைகளுக்கு வாரக்கணக்கு ஆகும். உயிருக்கு ஆபத்தான அளவு தெரிந்தால் நல்ல லேப் அச்சடிக்கக் காத்திராமல் உடனே தொலைபேசியில் அழைக்கும். ஆகவே சரியான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள், தெரியாத அழைப்பு வந்தாலும் அன்றைக்கு எடுங்கள்.

ஒரு எண் தடித்த எழுத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எடுத்த எடுப்பில் வேண்டாம். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு எல்லை எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தைப் பார்த்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை எல்லையாக வைக்கிறார்கள். அதாவது, நோயே இல்லாத இருபது பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒருவருக்கே செய்தால், அவர் முழு ஆரோக்கியத்தோடு இருந்தாலும், ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டியிருக்கும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். தேவை இல்லாமல் பெரிய பெரிய தொகுப்புப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லையைக் கொஞ்சம் தாண்டியதும் வெகுவாகத் தாண்டியதும் ஒன்றல்ல. ஆண், பெண், வயது, கர்ப்பம் ஆகியவற்றாலும் எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் எல்லை அதைவிடக் கீழே. இன்னொன்று, எல்லை வேறு, நோயை முடிவு செய்யும் அளவு வேறு. வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்கிறோம். அறிகுறி இல்லாதவருக்கு ஒரு தடவை வந்ததை வைத்து முடிவு கட்டாமல் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். ரத்தசோகை இருந்தாலோ அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ எச்.பி.ஏ.1சி உண்மையைச் சொல்லாது. சிவப்பணுக்களின் சுமார் 120 நாள் ஆயுளை நம்பித்தான் அந்தப் பரிசோதனையே இருக்கிறது.

இரண்டு லேபில் இரண்டு முடிவு. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். இயந்திரமும் வேதிமுறையும் வேறுபடும், எல்லைகளும் அதற்கேற்ப மாறும். எடுத்த நேரம் வேறு, அன்றைய உடல்நிலை வேறு. அலகையும் பாருங்கள். சில நாடுகளில் சர்க்கரையை மில்லிமோலில் தருவார்கள், அதை 18ஆல் பெருக்கினால்தான் மில்லிகிராம் வரும். ஒரு நோயைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் முடிந்தவரை ஒரே லேபில், ஒரே நேரத்தில் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளை ஒருபோதும் தூக்கிப்போடாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்பது பழைய தாள் இல்லாமல் யாருக்கும் தெரியாது.

எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. ஆனால் உடம்பு சரியில்லை. என்ன செய்வது?

மறுபடி மருத்துவரிடம் போங்கள். கேட்ட கேள்விக்குத்தான் ரத்தம் பதில் சொல்லும். தைராய்டு பார்க்கச் சொல்லாத சீட்டில் தைராய்டு வராது. மாரடைப்பு தொடங்கிய முதல் ஓரிரு மணி நேரத்தில் டிரோபோனின் ஏறாமலும் இருக்கலாம், அதனால்தான் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கிறார்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தீர்ந்துபோன பிறகும் ஹீமோகுளோபின் சில காலம் இயல்பாக இருக்கும். "ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையே" என்று யாராவது சொன்னால், என்னென்ன பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று கேளுங்கள். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், எதைச் செய்தால் உடம்பு முடியாமல் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.